எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனால் வாழ்க்கை மாறுமா?

வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. வயது 34. மணமுறிவு போன வருடம் முடிந்தது. குழந்தை இல்லை. பல வருடங்களாக ஒரே அலுவலகம், ஒரே தெரு. எங்கே திரும்பினாலும் தெரிந்த முகம், அதில் ஒரு பரிதாபப் பார்வை. தன்னை யாருக்குமே தெரியாத நகரத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்கலாமா? அது பிரச்சினையைக் கண்டு ஓடுவதாகிவிடுமா? வேலை கிடைத்தபின் போவதா, போய்விட்டுத் தேடுவதா? இருக்கும் வீட்டை விற்றுவிடலாமா?

போகலாம் என்பதுதான் என் பதில். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் போவதற்கு நல்ல காரணமே இருக்கிறது. ஆனால் ஊர் எதை மாற்றும், எதை மாற்றாது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். போய் இறங்கிய முதல் சில மாதங்களை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அந்த மாதங்களைப் பலரும் சாமான் அடுக்குவதிலும், பழைய ஊர் ஆட்களிடம் போனில் பேசுவதிலுமே கழித்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த ‘ஓடுவது’ பற்றி. ஊர் மாறுகிற எல்லோருமே எதையோ விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, எந்தச் சிக்கல் பழைய ஊரிலேயே நின்றுவிடும், எது உங்களோடு வண்டி ஏறும் என்பதை மட்டும்தான். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சமீபத்தில் மோசமாகப் போன ஒரு நாளை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு மணிக்கு அலுவலகம் போகிற வழியில் பழைய வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குச் சக ஊழியர் ஒருவர் ‘இப்போ எப்படி இருக்கீங்க’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மாலையில் அம்மாவோடு போனில் அதே பழைய சண்டை. இரவு ஒரு மணி வரை தூங்காமல் மொபைலைத் தடவிக்கொண்டு படுத்திருந்தீர்கள். இப்போது ஒவ்வொரு வரியாக, புது ஊரிலும் இது நடக்குமா என்று பாருங்கள், நடக்காதென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்த வாசல் போய்விடும். அந்தச் சக ஊழியர் போய்விடுவார். அம்மாவின் போன் வரும். இரவு ஒரு மணியும் வரும். அடித்துப்போட்ட வரிகள் அதிகமாக இருந்தால் ஊர் மாறுவது உங்களுக்கு உண்மையிலேயே உதவும். எல்லா வரியும் அப்படியே மிஞ்சினால், வேறு முகவரியில் இதே நாளைத்தான் வாழப்போகிறீர்கள்.

‘மனசு மாறணும், ஊர் மாறி என்ன பிரயோஜனம்’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இடத்துக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது போதைக்கு அடிமையாகியிருந்ததாக ஐந்தில் ஒருவர் சொன்னார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானவர்கள், அப்படிச் சொன்னவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியை அழித்த பிறகு சிறையிலிருந்து வெளிவந்த பலருக்குத் திரும்பிப்போக அவர்களுடைய பழைய தெருவே இல்லை. வேறு மாவட்டங்களில் குடியேற வேண்டியதாயிற்று. டேவிட் கர்க் என்ற சமூகவியலாளர் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பழைய இடத்துக்கே போனவர்களைவிட இப்படி இடம் மாறியவர்கள் மறுபடி சிறைக்குப் போனது கணிசமாகக் குறைந்திருந்தது. மனசு அதே மனசுதான். தூண்டிவிடுகிற தெருமுனையும் கூட்டாளியும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ராபின்ஸின் சிப்பாய்கள் எங்கே போனார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்கள் குடும்பமும் சொந்தங்களும் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினார்கள். நீங்கள் போகப்போவது யாரும் இல்லாத இடத்துக்கு. பழையதைக் கழற்றிவிடுகிற வேலையை ஊர் செய்துவிடும், புதிதாக ஒன்றைக் கட்டுகிற வேலையை அது உங்களுக்காகச் செய்யாது.

எந்த ஊர் என்று நீங்கள் கேட்கவில்லை, ஏற்கெனவே மனதில் ஒன்று இருக்கிறது போல. ஒன்று மட்டும் சொல்கிறேன். வானிலையையும் கடற்கரையையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் படித்த மாணவர்களையும் கலிஃபோர்னியாவில் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு தரப்பும் நினைத்தது. வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று அவரவரைக் கேட்டபோது இரண்டு இடத்திலும் வித்தியாசமே இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஊரின் அழகுதான் கண்ணில் படும். அங்கே போய் வாழும்போது வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது, சாயங்காலம் யாரோடு பேசுகிறோம் என்பதுதான் நாளைத் தீர்மானிக்கும். அதனால் ஊரைத் தேடுகிற நேரத்தில் பாதியாவது அந்த ஊருக்குள் எந்தப் பகுதி என்று தேடுவதற்கு ஒதுக்குங்கள். முடிந்தால் இரண்டு வாரமாவது போய்த் தங்கிப் பாருங்கள், அதுவும் விடுமுறையில் வேண்டாம். வேலை நாளில், எல்லோரும் அலுவலகம் போகிற நெரிசல் நேரத்தில், நீங்கள் வாடகைக்கு எடுக்க நினைக்கிற இடத்திலிருந்து வேலைக்குப் போகிற வழியில் ஒருமுறை பயணம் செய்யுங்கள்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பழக்கங்கள் பெரும்பாலும் இடத்தோடு ஒட்டியிருப்பவை. அந்த நாற்காலி, அந்த வழி, அந்த நேரம் கண்ணில் பட்டதும் கை தானாக அந்த வேலையைச் செய்கிறது. வீடு மாறும்போது இவை எல்லாம் ஒரே நாளில் அவிழ்ந்துவிடுகின்றன. பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 800 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அண்மையில் வீடு மாறியவர்கள், மீதிப் பேர் மாறாதவர்கள். தண்ணீர், மின்சாரம், பயணம் போன்ற 25 அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லித் தூண்டினார்கள். அண்மையில் வீடு மாறியவர்களிடம் அந்தத் தூண்டுதல் அதிகம் பலித்தது, அதுவும் குடிபோன முதல் மூன்று மாதத்துக்குள். அப்புறம் அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது.

நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் இரண்டுக்குமே அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. புது வீட்டில் முதல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டிகள் சுவரோரம் கிடக்கின்றன, கட்டில் இன்னும் வரவில்லை, தரையில் பாய் விரித்திருக்கிறீர்கள். தலைமாட்டில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது, மொபைல் சார்ஜரை அங்கே செருகுகிறீர்கள். பிறகு கட்டில் வரும், அதையும் அந்த பிளக் பாயிண்ட் பக்கமாகவே போடுவீர்கள். உங்கள் தாளில் இருந்த அந்த ‘இரவு ஒரு மணி’ புது ஊருக்குக் குடிவந்துவிட்டது. அதே சார்ஜரை முதல் ராத்திரியே சமையலறையில் செருகியிருந்தால் அதுவும் அப்படியே நிலைத்திருக்கும். பழைய வீட்டில் எத்தனை முறை முயன்றும் முடியாதது இங்கே முதல் நாளில் செலவில்லாமல் முடியும். அதனால் பெட்டி கட்டும்போதே இரண்டே இரண்டு பழக்கங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று விட வேண்டியது, ஒன்று பிடிக்க வேண்டியது. அதற்கு மேல் வேண்டாம். புதுப் பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கு ஆகும் காலம் சராசரியாக 66 நாள் என்று பிலிப்பா லாலியின் ஆய்வு சொல்கிறது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை நீண்டது. இரண்டு மாதம் ஆகியும் பழகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தனிமை. இதற்கு யாரும் முன்கூட்டியே தயாராவதில்லை. முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும், புதுத் தெரு, புது முகங்கள், கேள்வி கேட்க யாரும் இல்லாத நிம்மதி. பிறகு ஒருநாள் சாதாரணக் காய்ச்சலுக்கு மருத்துவமனை போவீர்கள். வரவேற்பில் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிக்கொண்டே வந்து, ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்ற இடத்தில் பேனா நிற்கும். அந்த ஊரில் ஒரு எண்கூட உங்களிடம் இருக்காது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததன் விலை அப்போதுதான் புரியும். வந்தது தவறு என்று அதற்கு அர்த்தமில்லை, ஆள் சேர்க்கிற வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், ஆறு மாதத்துக்குள் ஊர் மாறி வந்து புது நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்த 355 பேரிடமும், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களிடமும் விசாரித்து 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்கிற அளவுக்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரம் இதில் அவ்வளவாகச் சேராது, வேலையைத் தாண்டிப் பழகுகிற நேரம்தான் கணக்கு. வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 200 மணி நேரத்துக்கு இரண்டு வருடம் ஆகும். ஆறு மாதம் ஆகியும் யாரும் நெருக்கமாகவில்லையே, என்னிடம்தான் ஏதோ குறை என்று உடைந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. மணி நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரே முகங்கள் வாரா வாரம் வருகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். ஏதாவது வகுப்பு, நடைக் குழு, பாட்டுக் குழு, தன்னார்வ வேலை, எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறையும் புது ஆட்கள் வந்துபோகிற பெரிய நிகழ்ச்சிகள் இதற்கு உதவாது, அங்கே எல்லோரிடமும் முதல் அரை மணி நேரமே திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கும். வீடும் முக்கியம். ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டபோது, யார் யாருக்கு நண்பர் என்பதைப் பெரும்பாலும் கதவுகளுக்கு இடையே இருந்த தூரமே முடிவு செய்தது தெரிந்தது. மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு நண்பர்கள் அதிகம், ஏனென்றால் எல்லோரும் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள். ஊருக்கு வெளியே விசாலமான வீடா, ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் சின்ன வீடா என்று கேட்டால், முதல் வருடத்துக்குச் சின்ன வீட்டையே எடுங்கள் என்பேன்.

யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற சுதந்திரம் நிஜமானதுதான், அதை நன்றாக அனுபவியுங்கள். ஆனால் மூன்றாவது வாரத்தில் யாராவது ‘வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்’ என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் ஒரு பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், உண்மையாக இருக்க வேண்டும், விளக்கம் வேண்டியதில்லை. ‘மணமாகிப் பிரிந்துவிட்டோம். இப்போது இங்கே தனியாக இருக்கிறேன்’ என்றால் போதும். பொய்க்கதை ஒன்றைச் சொல்லி ஆரம்பித்தீர்கள் என்றால், 200 மணி நேரம் கழித்து நெருக்கமாகிற நண்பரிடம் அதை அவிழ்க்க வேண்டி வரும்.

சரி, வேலை. உங்கள் நிலைமையில் வேலையோடு போவதுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். இதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை மாற்றங்களுக்கு ஒரு அழுத்தப் பட்டியல் போட்டார்கள். அதில் மணமுறிவுக்கு 73 புள்ளி, வேறு வகை வேலைக்கு மாறுவதற்கு 36, வாழ்க்கைச் சூழல் மாறுவதற்கு 25, வீடு மாறுவதற்கு 20, பழகுகிற வட்டம் மாறுவதற்கு 18. வீடு மாறுவது தனியாகப் பெரிய சுமையில்லை, எல்லாம் ஒரே வருடத்தில் சேரும்போதுதான் கனக்கிறது. கூட்டிப் பாருங்கள், 172. ஒரு வருடத்தில் 150ஐத் தாண்டினாலே உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. மணமுறிவு இப்போதுதான் முடிந்திருக்கிறது. அதனால் ஊரை மாற்றுங்கள், தொழிலை அப்படியே வைத்திருங்கள். உங்கள் நிறுவனத்துக்கு அங்கே கிளை இருந்தால் மாற்றல் கேளுங்கள், இல்லையென்றால் இதே வேலையை வேறு நிறுவனத்தில் தேடுங்கள். தொழில் மாறும் ஆசை இருந்தால் இரண்டாவது வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தேடும்போது நெருங்கிய நண்பர்களை மட்டும் நம்பாமல், எப்போதோ ஒருமுறை பேசுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற எல்லோருக்கும் அவ்வப்போதோ அபூர்வமாகவோ சந்திக்கிறவர் வழியாகத்தான் கிடைத்தது. நம் நெருங்கிய ஆட்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து ஆட்களுக்குத்தான் வேறு ஊர்ச் செய்தி தெரியும். உங்களை யாருக்கும் தெரியாத ஊர் என்று நீங்கள் சொல்கிற இடத்திலும், பழைய சக ஊழியர் ஒருவரையோ கூடப் படித்தவர் ஒருவரையோ தெரிந்தவர்கள் இருப்பார்கள். அந்த ஒருவரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவமனைப் படிவத்தில் எழுத முதல் எண் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம் போக, ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். திரும்பி வருவதற்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் முதல் முறை எவ்வளவு குறுகியதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எழுந்து குளிக்கவே முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் ஊர் மாற்றம் காத்திருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே போக வேண்டியிருந்தால், போகிற ஊரில் மருத்துவரை உறுதி செய்துவிட்டுப் போங்கள். அடி, மிரட்டல், பின்தொடர்தல் என்று ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. வேலை, சேமிப்பு எதற்கும் காத்திருக்காமல் பாதுகாப்பான இடத்துக்கு உடனே போய்விடுங்கள்.

எப்போது முடிவு சொல்வது, தங்குவதா திரும்புவதா? வெளிநாட்டில் தங்கிப் படித்துவிட்டு வந்த நார்வே நாட்டவர்களைப் பற்றி ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் மிகவும் தடுமாறியிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படியே அமையும் என்றில்லை. ஆனாலும் எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் ‘இந்த ஊரே சரியில்லை’ என்று தோன்றினால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டாம். ஒன்றரை வருடம் என்று ஒரு தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள், அதற்கு முன் அந்தக் கேள்வியை எடுக்காதீர்கள். அந்தத் தேதியில் திரும்பத் தோன்றினால் தாராளமாகத் திரும்புங்கள். ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் எதிர்த்திசையிலும் ஒரு ஓட்டம் இருக்கும் என்று இடப்பெயர்வை ஆராய்ந்த ரேவன்ஸ்டைன் 1885இலேயே எழுதிவிட்டார். திரும்பி வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள்.

வீட்டை விற்பதும் அந்தத் தேதிக்குப் பிறகுதான். அதுவரை வாடகைக்கு விடுங்கள், அந்த வருமானம் புது ஊர் வாடகைக்குக் கைகொடுக்கும். கோபத்தில் விற்கிற வீடு குறைந்த விலைக்குப் போய்விடலாம். பத்திரத்திலோ கடனிலோ முன்னாள் துணையின் பெயரும் சேர்ந்திருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூரத்திலிருந்துகொண்டு கையெழுத்துக்கு அலைவது இப்போது செய்வதைவிட இரண்டு மடங்கு வேலை, ஒவ்வொரு முறையும் பழைய காயத்தைத் தொட வேண்டியும் வரும். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, கிளம்பும் தேதி குறிப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.